உப்புத் தண்ணியும் ஒரு மூக்குத்தியும்

எங்க ஊரு பூண்டி. கொடைக்கானல்ல இருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் தாண்டி வரணும். மேல்மலையில கிட்டத்தட்ட ரோடு முடியிற இடம். வெள்ளைப்பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், இதுதான் பொழப்பு. கடலுக்கும் எங்களுக்கும் இருக்குற ஒரே சம்பந்தம் கொழம்புல போடுற உப்பு. அப்படிப்பட்ட ஊர்க்காரன் கடற்கரை மணல்ல மெட்டல் டிடெக்டரை எப்படி செட் பண்றதுன்னு பேச வந்தா சிரிப்பு வரும்தான். சிரிச்சுக்கோங்க :) ஆனா காரணம் இருக்கு.

2023 மாசி மாசம். தாத்தாவுக்கு முதல் வருச திதி. ராமேஸ்வரத்துல குடுக்கணும்னு அம்மாயி ஒத்தக்கால்ல நின்னாங்க. வேன் புடிச்சு, வத்தலக்குண்டு, மதுரை வழியா விடிய விடிய போய்ச் சேர்ந்தோம். அக்னி தீர்த்தத்துல முங்கி எழுந்து, கோயிலுக்குள்ள இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி முடிச்சு, வேன்ல ஏறுறப்பதான் என் தங்கச்சி பாத்தா. அம்மாயி மூக்குல மூக்குத்தி இல்ல.

அரை கிராம்கூட இருக்காது. ஆனா தாத்தா வடுகபட்டி சந்தையில முதல் மூட்டை பூண்டு வித்த காசுல வாங்கிக் குடுத்தது. தாலியைக் கழட்டி ஒரு வருசம் ஆன மனுசிக்கு அவர் ஞாபகமா உடம்புல மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான்.

என்கிட்ட ஒரு டிடெக்டர் இருக்கு. பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் நோண்டுற கிறுக்குல செகண்ட் ஹேண்டா வாங்கினது. ஊர்ல எங்க தோட்டத்துல ஓட்டி குதிரை லாடம், கொத்து முனை, ஓட்டைக் காலணான்னு எடுத்திருக்கேன். (ரோடு வர்றதுக்கு முன்னாடி மேல்மலைச் சரக்கெல்லாம் குதிரை முதுகுலதான் இறங்கும். அதனால லாடத்துக்குப் பஞ்சமே இல்ல.) அந்தத் தைரியத்துல அடுத்த வாரமே டிடெக்டரைத் தூக்கிக்கிட்டு ராமேஸ்வரம் பஸ் ஏறிட்டேன். கடற்கரையில நின்ன காவலர்கிட்ட விசயத்தைச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் இறங்கினேன். ராமேஸ்வரத்துல கேக்காம இறங்கக் கூடாது, அது ஏன்னு கீழ சொல்றேன்.

காய்ஞ்ச மணல்ல மெஷின் சமத்தா இருந்தது. ஈர மணலுக்கு ரெண்டு அடி வச்சேன் பாருங்க... ஒரே அலறல். வளையத்தை ஆட்டினா கத்துது, தூக்கினா கத்துது, இறக்கினா கத்துது. கடலே தங்கமா மாறிட்ட மாதிரி!

சென்சிட்டிவிட்டியைக் குறைச்சேன், குறைச்சேன், சத்தம் நிக்கிற வரைக்கும் குறைச்சேன். அப்புறம் நாலு மணி நேரம் தேடினேன். கிடைச்சது: சோடா மூடி எக்கச்சக்கம், ஒத்தை ரூபா காசு, வலைக்குக் கட்டுற ஈயக்குண்டு ஒண்ணு. மூக்குத்தி இல்ல.

திரும்பி வந்து, ஏன் அப்படி ஆச்சுன்னு தேட ஆரம்பிச்சதுதான் இந்தக் கட்டுரை. தேடத் தேட, நான் பண்ணின தப்பு இந்தக் கருவி பொறந்ததுல இருந்தே கூடவே வர்ற தப்புன்னு புரிஞ்சுது.

முதல்ல பழைய கதை.

1881 ஜூலை 2. வாஷிங்டன் ரயில் நிலையத்துல அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை ஒருத்தன் சுட்டுட்டான். குண்டு உடம்புக்குள்ளேயே தங்கிருச்சு. எக்ஸ்ரே வர இன்னும் 14 வருசம் இருக்கு. டெலிபோன் கண்டுபிடிச்ச அலெக்சாண்டர் கிரகாம் பெல், ரெண்டு கம்பிச் சுருளை வச்சு ஒரு கருவி செஞ்சார். பக்கத்துல உலோகம் வந்தா காதுல சத்தம் கேக்கும். வெள்ளை மாளிகைக்கே கொண்டுபோய் ரெண்டு தடவை முயற்சி பண்ணினார். ரெண்டு தடவையும் தோல்வி. படுக்கைக்கு அடியில இரும்பு ஸ்பிரிங் இருந்தது ஒரு காரணம். இன்னொண்ணு, வைத்தியம் பார்த்த தலைமை டாக்டர் குண்டு வலப்பக்கம்தான் இருக்குன்னு அடம்பிடிச்சு, அந்தப் பக்கம் மட்டும்தான் தேட விட்டார். 79 நாள் கழிச்சு, செப்டம்பர் 19 அன்று ஜனாதிபதி இறந்தார். அறுத்துப் பார்த்தா குண்டு இடப்பக்கம்.

கருவி பொய் சொல்லல. தேடச் சொன்ன இடம் தப்பு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

அடுத்து கெர்ஹார்ட் ஃபிஷர். ஜெர்மனியில இருந்து அமெரிக்கா போன ரேடியோ இன்ஜினியர். விமானத்துக்குத் திசை காட்டுற ரேடியோ கருவி செஞ்சுக்கிட்டிருந்தவர், உலோகக் கட்டடம், தாது உள்ள மண் இதுக்கெல்லாம் பக்கத்துல கருவி பிழையா காட்டுறதைக் கவனிச்சார். அந்தப் பிழையையே தொழிலா மாத்தி, 1937ல காப்புரிமை வாங்கினார். தூக்கிக்கிட்டு நடக்கிற டிடெக்டர் வியாபாரமா ஆனது அவரால.

இரண்டாம் உலகப்போர்ல இது உயிர் காக்கிற விசயம் ஆயிருச்சு. போலந்து ராணுவத்தின் சிக்னல் அதிகாரி யோசெஃப் கொசாட்ஸ்கி, ஸ்காட்லாந்தில் இருந்தபோது கண்ணிவெடி தேடும் கருவி ஒன்றை வடிவமைத்தார். 1942 அக்டோபரில் எல் அலமைன் போரில் பாலைவன மணலில் அது வேலை செய்தது. பிரிட்டிஷ் ராணுவத்துக்கு அதைச் சும்மாவே கொடுத்தார், காசு வாங்கல.

பாலைவனம் காய்ஞ்ச மணல். ஆனா அதே பிரிட்டன், ஜெர்மன்காரன் வந்து இறங்கிருவானோன்னு பயந்து 1940ல தன் சொந்தக் கடற்கரையிலயே கண்ணிவெடி புதைச்சு வச்சிருந்தது. போர் முடிஞ்சு எடுக்கப் போனா, அலை மணலை இடம் மாத்தியிருந்தது, வரைபடம் ஒண்ணும் உதவல. எடுக்கப் போனவங்கள்ல நிறைய பேர் செத்தாங்க. ஈர உப்பு மணல் எவ்வளவு பொல்லாததுன்னு அப்பவே பாடம் படிச்சாச்சு.

சரி, உப்பு அப்படி என்னதான் பண்ணுது?

டிடெக்டரின் வளையம் தரைக்குள் காந்தப்புலத்தை ஆட்டி ஆட்டி அனுப்புது. உலோகம் எதிர்ப்பட்டா அதுக்குள்ள குட்டிக் குட்டிச் சுழல் மின்னோட்டம் உண்டாகும். அந்தச் சுழல் திருப்பி அனுப்புற பதிலைத்தான் மெஷின் கேக்குது. பதில் எவ்வளவு பெரிசுங்கறது மட்டுமில்ல, எவ்வளவு தாமதமா வருதுங்கறதும் முக்கியம். கெட்டியான வெள்ளிக்காசு ஒரு மாதிரி, ஆணி ஒரு மாதிரி, மெல்லிய தங்கத் தகடு இன்னொரு மாதிரி.

எங்க மலை மண்ணுல இரும்புத்தாது உண்டு. அது மின்சாரத்தைக் கடத்தாது, ஆனா காந்தமாகும். உடனே பதில் சொல்லிரும், தாமதம் இல்ல. அதனால ‘கிரவுண்ட் பேலன்ஸ்’ திருகை வச்சு, தாமதமில்லாம வர்ற பதிலைக் காதுல போட்டுக்காதேன்னு மெஷின்கிட்ட சொல்லிட்டா முடிஞ்சது. பூண்டியில நான் செட் பண்ணி வச்சிருந்தது இதைத்தான்.

கடல் வேற ஜாதி. ஒரு லிட்டர் கடல் தண்ணியில சுமார் 35 கிராம் உப்பு. குழாய்த் தண்ணியைவிட நூறு மடங்கு அளவுக்கு மின்சாரம் கடத்தும். ஈர மணல் மொத்தமும் ஒரு பெரிய, ரொம்ப மட்டமான உலோகத் தகடு மாதிரி நடந்துக்குது. அது குடுக்குற பதில் எதோட தாமதத்துக்குப் பக்கத்துல வருது தெரியுமா? சிகரெட் டப்பா ஈயத்தாள், மெல்லிய தங்கச் சங்கிலி... அப்புறம் மூக்குத்தி.

இப்பப் புரியுதா? உப்பு ஒரு சீட்டுல உக்காந்திருக்கு, அம்மாயி மூக்குத்தி அடுத்த சீட்டுல. உப்பை வாயை மூடுன்னு அதட்டினா, மூக்குத்தியும் சேர்ந்து வாயை மூடிக்கும். நான் சத்தம் நிக்கிற வரைக்கும் குறைச்சேன்ல? அந்த நிமிசமே நான் தேடப்போன பொருளை மெஷினோட காதுல இருந்து அழிச்சிட்டேன். சோடா மூடியும் ஒத்தை ரூபாயும் மட்டும் கிடைச்சதுக்கு அதுதான் அர்த்தம்.

இதுக்கு வழி கண்டுபிடிக்க ஆளுங்க படாத பாடு பட்டிருக்காங்க.

1960-களின் கடைசியில இங்கிலாந்துல எரிக் ஃபாஸ்டர்ங்கிறவர் ‘பல்ஸ் இண்டக்‌ஷன்’ முறையில கருவி செய்ய ஆரம்பிச்சார். தொடர்ந்து ஆட்டாம, ஒரு தட்டு தட்டிட்டு நிறுத்திடணும். கொஞ்ச மைக்ரோ விநாடி பொறுத்து, அப்புறம் காதைத் தீட்டணும். உப்புத் தண்ணியில உண்டான சுழல் சட்டுனு செத்துரும். உலோகத்துல உண்டானது இன்னும் கொஞ்ச நேரம் முனகும். அருமையான யோசனை. ஆனா மெல்லிய தங்கத்தோட முனகலும் சட்டுனு செத்துரும். ரொம்ப நேரம் பொறுத்தா உப்பு போகும், கூடவே மூக்குத்தியும் போகும்!

1990-களின் தொடக்கத்துல ஒரே நேரத்துல ஒண்ணுக்கு மேற்பட்ட அலைவரிசையில வேலை செய்யிற மெஷின்கள் வந்துச்சு. அலைவரிசை கூடக்கூட உப்போட பதில் கூடும். தாதுவோட பதில் அவ்வளவா மாறாது. ரெண்டையும் ஒப்பிட்டுக் கழிச்சா உப்பும் போகும், தாதுவும் போகும். இன்னைக்கு ‘பீச் மோடு’ன்னு போட்டு விக்கிறதுல பலதும் இந்த வழிதான். பழைய ஒத்தை அலைவரிசை மெஷினைவிடப் பல மடங்கு மேல். இருந்தாலும் அரை கிராம் தங்கத்துக்கு அதுவும் திணறும்.

நம்ம கடற்கரையில இன்னொரு கூத்து. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிப் பக்கம் போனா கருமணல். இல்மனைட், கார்னெட், மோனசைட் எல்லாம் அலை ஒதுக்கிக் குவிச்சு வச்சிருக்கும். அங்க உப்பும் தாதுவும் ஒரே இடத்துல. ஒத்தைத் திருகு இருக்குற மெஷின் தாதுவுக்குத் திருப்பினா உப்பு கத்தும், உப்புக்குத் திருப்பினா தாது கத்தும். வெறும் உப்புன்னா ராமேஸ்வரமே தேவலை.

சரி, என்னை மாதிரி சாதாரண மெஷின் வச்சிருக்கிறவங்க என்ன செய்யலாம்? நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது இது.

மணலை மூணு பாகமா பிரிச்சுக்கணும்: காய்ஞ்சது, ஈரமானது, அலை நனைக்கிறது. ஒவ்வொண்ணுக்கும் தனியா செட் பண்ணணும். ஒண்ணுல வச்ச செட்டிங்கோட அடுத்ததுக்குப் போகவே கூடாது. கீழ உலோகம் இல்லாத இடமாப் பார்த்து, வளையத்தை முழங்கால் உயரத்துல இருந்து தரைக்குக் கிட்ட மேலும் கீழும் ஆட்டிக்கிட்டே கிரவுண்ட் பேலன்ஸ் திருகணும். இறக்கும்போதும் தூக்கும்போதும் சத்தம் ஒரே அளவா வந்தா சரி. அப்புறம் கடலை நோக்கி நடக்காம, கரையோரமாவே, தண்ணிக்கு இணையா நடக்கணும். அப்பத்தான் ஈரம் ஒரே சீரா இருக்கும். வளையம் தரையில இருந்து ஏறி இறங்காம போகணும். வேகமா வீசக் கூடாது. கடைசியா, சென்சிட்டிவிட்டியைச் சத்தம் முழுசா நிக்கிற வரைக்கும் குறைக்காதீங்க. லேசான சலசலப்பு இருக்கட்டும். அந்தச் சலசலப்புக்குள்ள ரெண்டு பக்கம் வீசினாலும் ஒரே இடத்துல திரும்பத் திரும்பக் கேக்குற சத்தத்தைத் தேடுங்க. வேலை முடிஞ்சதும் வளையத்தை நல்ல தண்ணியில கழுவிருங்க.

இப்ப, காவலர்கிட்ட கேட்டுட்டு இறங்கினேன்னு சொன்னேனே, அதுக்கு வருவோம்.

2018 ஜூன்ல ராமேஸ்வரம் தீவுல இருக்குற தங்கச்சிமடம் அந்தோணியார்புரத்துல ஒரு வீட்டுல கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி வெட்டினப்போ பெட்டி பெட்டியா தோட்டாக்கள் கிடைச்சது. பல வருசத்துக்கு முன்னாடி புதைச்சது. அந்த மணல்ல எது புதைஞ்சு கிடக்குன்னு யாருக்குத் தெரியும்? பொழுதுபோக்குக்குத் தோண்டுற இடம் இல்ல அது.

எதிர்க்கரையில நிலைமை இன்னும் கடுமை. யாழ்ப்பாணத்துக்குப் போற வழியில ஆனையிறவு, முகமாலை. ஆனையிறவுல உப்பளமே உண்டு. போர் முடிஞ்ச பிறகு அந்தப் பக்கத்து மண்ணுல கண்ணிவெடி தேடினவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. வெடியோட உடம்பு பிளாஸ்டிக். உலோகம்னா உள்ள ஊசியும் வெடிதூண்டியும் அளவுக்குத்தான், அதாவது அம்மாயி மூக்குத்தி சைஸ். சுத்தியும் மண்ணெல்லாம் குண்டுச் சில்லு, தோட்டா ஓடு. மெஷின் கத்திக்கிட்டே இருக்கும். நான் பண்ணின மாதிரி அவங்க சத்தத்தைக் குறைக்க முடியுமா? குறைச்சா போறது மூக்குத்தி இல்ல, கால்.

அதனால கண்ணிவெடி அகற்றுறவங்களுக்கு ஒரு கண்டிப்பான பழக்கம் உண்டு. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, தேடப்போற வெடியில இருக்குற அளவே உலோகத்தை, தேவையான ஆழத்துல வச்சு, மெஷின் அதைக் கேக்குதான்னு சோதிப்பாங்க. கேக்கலைன்னா அந்த மெஷினை அந்த மண்ணுல நம்ப மாட்டாங்க. 2000-களின் முற்பகுதியில ‘நார்வே மக்கள் உதவி’ அமைப்பு வட இலங்கையில இதுக்கு ஒரு வழி செஞ்சது. டிடெக்டரை மட்டும் நம்பாம, நீளப் பிடி போட்ட வாரியை வச்சு, மணலைப் பக்கவாட்டுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா வாரி வெடியை வெளியில எடுக்குற முறை. தோட்டத்துல சருகு அள்ளுற மாதிரியான வாரிதான்! ஹாலோ டிரஸ்ட், மேக் மாதிரி அமைப்புகள்ல இந்த வேலைக்குப் போனவங்கள்ல தமிழ்ப் பொண்ணுங்க நிறைய. குடும்பத்துல ஆம்பளை இல்லாமப் போனவங்க பலர். 2017 டிசம்பர்ல இலங்கை கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்துல சேர்ந்தது.

இதைப் படிச்சப்ப எனக்கு வெக்கமா இருந்தது. நாலு மணி நேரம் தேடுறதுக்கு முன்னாடி, இன்னொரு மூக்குத்தியை ஒரு நூல்ல கட்டி மணல்ல புதைச்சு, என் மெஷின் அதைக் கேக்குதான்னு ஒரு நிமிசம் பார்த்திருக்கலாம். பார்க்கல.

அடுத்த மாசம் மறுபடி போனேன். இந்தத் தடவை தங்கச்சி மூக்குத்தியைக் கடன் வாங்கி, நைலான் நூல்ல கட்டி, ஈர மணல்ல விரல் ஆழத்துல வச்சேன். திருகை எப்படித் திருப்பினாலும் மெஷின் அதைக் கேக்கல. காய்ஞ்ச மணல்ல மட்டும் லேசா முனகிச்சு. அப்படியே மெஷினை மூடி வச்சுட்டு, பக்கத்துக் கடையில சல்லடை வாங்கி, அம்மாயி உக்காந்து ஈரம் துவட்டின காய்ஞ்ச மணலைச் சலிச்சேன். சாயந்திரம் வரைக்கும். கிடைக்கல.

நான் இப்படி ராமேஸ்வரத்துக்கும் பூண்டிக்கும் அலையிறது ஊருக்கே தெரிஞ்சு போச்சு. ஒரு நாள் ரெண்டு பசங்க வந்து, “அண்ணே, மெஷினைக் கொஞ்சம் குடுங்க, மலைமேல கல்திட்டையில ஓட்டிப் பாத்துட்டு வர்றோம், உள்ள தங்கம் இருக்குன்னு சொல்றாங்க”ன்னாங்க. பழனி மலையில அந்தக் கல்திட்டைகளைப் பத்தி ஆங்லேட், நியூட்டன்னு ரெண்டு ஏசுசபைப் பாதிரியார்கள் மலையெல்லாம் நடந்து குறிப்பெடுத்து எழுதின நூலைத் தொல்லியல் துறை 1928ல வெளியிட்டுச்சு. அதுக்குள்ள இருந்ததெல்லாம் பானை ஓடு, சாம்பல், அந்த மாதிரிதான். புதையல் புதையல்னு தோண்டித் தோண்டியே பாதி கல்லு சாஞ்சு கிடக்கு. 1878ஆம் வருசத்துப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ளது மண்ணுல கிடைச்சா கலெக்டருக்கு எழுதிக் குடுக்கணும், அது தனி. ஆனா நான் பசங்ககிட்ட சட்டம் பேசல. “அது யாரோ அம்மாயியோட, யாரோ தாத்தாவோட எடம்டா. என் தாத்தா குழியில வந்து ஓட்டுவீங்களா?”ன்னு மட்டும் கேட்டேன். தலையைச் சொறிஞ்சுக்கிட்டுப் போயிட்டாங்க.

மூக்குத்திக்கு வர்றேன். கார்ஃபீல்டு கதையைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. குண்டு இடப்பக்கம், தேடினது வலப்பக்கம். நாங்க எல்லாரும் கடல்ல தொலைஞ்சதுன்னே முடிவு பண்ணிட்டோம். ஆனா கோயிலுக்குள்ள இருபத்திரண்டு தீர்த்தத்துலயும் வாளி வாளியா தலையில ஊத்தினாங்களே, அங்க விழுந்திருக்கலாமே? ஈர முகத்தை அழுத்தித் துடைச்ச துண்டுல மாட்டியிருக்கலாமே? மறுநாள் காலையில அம்மாகிட்ட கேட்டேன். “அந்தத் துண்டை ஊருக்கு வந்த அன்னைக்கே ஓடையில தொவைச்சேன்டா”ன்னாங்க. யாரும் உதறிப் பார்க்கல.

புதுசு வாங்கித் தர்றேன்னு எத்தனையோ தடவை சொல்லியாச்சு. அம்மாயி வேண்டாம்னுட்டாங்க. ஆனா மூக்கு ஓட்டை தூந்துறக் கூடாதாம். தினமும் காலையில விளக்குமாத்து ஈர்க்குச்சியைச் சின்னதா ஒடிச்சு, மூக்குல சொருகிக்கிட்டுத்தான் பூண்டு உரிக்க உக்காருறாங்க.